வாசகர் கேள்வி – பதில்: அடகு வைத்த வளையல்கள்

முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமின் பிறந்த நாளான அக்டோபர் 15 நெருங்கும்போதெல்லாம் நம் கடற்கரை ஊர்களிலிருந்து வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் அவரைப் பற்றியவையாகவே இருக்கும். அந்த நாளைத் தமிழக அரசு இளைஞர் எழுச்சி நாளாக அறிவித்த பிறகு, பேச்சுப் போட்டிக்குக் குறிப்பு கேட்டு எழுதும் மாணவர்களும் பெருகிவிட்டார்கள். இம்முறை வந்த கடிதங்களில் சில வேறு வகையானவை. வாழ்க்கையில் ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நின்றவர்கள், அவரை நினைத்து எழுதியவை. ஆகவே இந்த இதழில் வேறு பொருளுக்கு இடம் கொடுக்காமல், அக்கடிதங்களுக்கு மட்டும் விடை எழுதுகிறேன்.

கேள்வி: கலாம் என்றாலே ‘கனவு காணுங்கள்’ என்கிறார்கள். கனவு காண வசதி வேண்டாமா? என் அப்பா நாட்டுப்படகில் கூலிக்குப் போகிறார். நம்பிக்கையோடு இரு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. (கல்லூரி மாணவர், தொண்டி)

உங்கள் கோபம் நியாயமானது, தம்பி. வயிறு நிறைந்தவர்கள் பசித்தவனுக்குச் சொல்லும் ‘நம்பிக்கையோடு இரு’ என்ற வார்த்தை எரிச்சலைத்தான் தரும். ஆனால் கலாமின் நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் கோபம் மிச்சமிருந்தால் மீண்டும் எழுதுங்கள்.

1914ஆம் ஆண்டு பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. நாட்டுக்கு அது பெரிய சாதனை. கலாமின் முன்னோர்களுக்கோ அது பிழைப்பில் விழுந்த அடி. கரையிலிருந்து இராமேசுவரம் தீவுக்குப் பயணிகளையும் சரக்கையும் படகில் ஏற்றிச் சென்று நல்ல நிலையில் இருந்த குடும்பம் அது. ரயில் வந்த பிறகு படகுக்கு வேலை குறைந்தது, குடும்பம் நொடித்தது. 1931இல் கலாம் பிறந்தபோது, பள்ளிவாசல் தெருவில் இருந்த அந்தப் பழைய சுண்ணாம்புக் காரை வீடு மட்டும் பெரியதாக இருந்தது. உள்ளே வரவு சிறியதாக இருந்தது. தந்தை ஜைனுலாப்தீன் பள்ளிவாசலில் தொழுகை நடத்துபவர். இராமேசுவரம் வரும் யாத்திரிகர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் செல்ல அவர் கடற்கரையிலேயே மரத்தை வைத்து ஒரு படகு கட்டினார். பலகைகள் ஒன்றோடொன்று சேர்ந்து படகாக உருப்பெறுவதைச் சிறுவன் கலாம் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறார். பின்னர் ஒரு புயல் அந்தப் படகைக் கொண்டுபோயிற்று. கடலின் அழகும் அதன் பலமும் ஒன்றாகத் தெரிந்தது அந்த நாளில்தான் என்று பிற்காலத்தில் அவர் எழுதியிருக்கிறார். இந்தக் கரையில் பிறந்த எவருக்கும் அந்த வரியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்து இரண்டாம் உலகப் போர் வந்தது. திடீரென்று புளியங்கொட்டைக்குக் கிராக்கி ஏற்பட்டது. அவற்றைப் பொறுக்கிச் சேர்த்து, பள்ளிவாசல் தெருவில் இருந்த மளிகைக் கடையில் கொடுத்தால் நாளொன்றுக்கு ஓர் அணா கிடைக்கும். போர்க்காலம் என்பதால் இராமேசுவரம் நிலையத்தில் ரயில் நிற்பது நிறுத்தப்பட்டது; இராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஓடும் ரயிலிலிருந்தே செய்தித்தாள் கட்டுகளைக் கீழே வீசினார்கள். ஊரில் செய்தித்தாள் முகவராக இருந்த உறவினர் சம்சுதீனுக்கு அந்தக் கட்டுகளைப் பிடித்து எடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் கலாம். அரை நூற்றாண்டு கழித்தும், சொந்தமாகச் சம்பாதித்த அந்த முதல் காசின் பெருமிதத்தை உணர முடிகிறது என்று அவர் குறிப்பிட்டார்.

இதில் நான் உங்களுக்குச் சுட்டிக்காட்ட விரும்புவது ஒன்று உண்டு. ரயில் நிற்காமல் போனது ஊருக்கு இழப்பு. அந்த இழப்பின் இடுக்கில்தான் ஒரு சிறுவனுக்கு வேலை கிடைத்தது. ஆனால் இடுக்கு இருந்தால் மட்டும் போதாது. ‘இவனை வைத்துக்கொள்வோம்’ என்று சொல்ல ஒரு சம்சுதீன் வேண்டும். கலாமின் வாழ்க்கையில் நம்பிக்கை என்ற சொல் வரும் ஒவ்வோர் இடத்திலும், அவருக்காகப் பொறுப்பேற்ற ஓர் ஆள் நிற்பதைக் காணலாம். அவர் காணச் சொன்ன கனவு, யாரோ ஒருவர் தோள் கொடுத்ததால் காண முடிந்த கனவு. உங்கள் அப்பா கூலிக்குப் போகும் படகின் காசில் நீங்கள் கல்லூரியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்குத் தோள் கொடுப்பவர் யார் என்று தேட வேண்டியதில்லை.

கேள்வி: ஐயா, நான் தங்கச்சிமடத்தில் இருக்கிறேன். கடற்பாசி எடுக்கக் கடலுக்குப் போகிறவள். என் மகள் அரசுப் பள்ளியில் படித்து, பொறியியல் கல்லூரியில் இடம் வாங்கியிருக்கிறாள். செலவுக்கு என் நகையை அடகு வைக்கலாம் என்று நினைக்கிறேன். பொம்பளைப் பிள்ளை படிப்புக்கு நகையை வைத்தால் கல்யாணத்துக்கு என்ன செய்வாய் என்று உறவுக்காரர்கள் கேட்கிறார்கள். என்ன செய்ய?

தாயே, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால், 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்குப் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது. அவள் பொதுப் பிரிவில் சேர்ந்திருந்து, உங்கள் வீட்டில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால், முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துக் கட்டணச் சலுகை பெறலாம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். இவற்றுக்கும் மேலே தேவைப்பட்டால் வங்கியில் கல்விக்கடன் கேளுங்கள்; 4 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு வழக்கமாகப் பிணை கேட்பதில்லை. இத்தனையையும் விசாரித்த பிறகே நகைப் பெட்டியைத் திறக்க வேண்டும். பல வீடுகளில் நகை முதலில் போய்விடுகிறது, சலுகையைப் பற்றிப் பிறகுதான் தெரிகிறது.

இத்தனைக்குப் பிறகும் பணம் குறைந்தால் வைக்கலாமா என்பதற்கு, இந்தத் தீவிலேயே ஒரு விடை இருக்கிறது. திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1954இல் இயற்பியல் பட்டம் முடித்த கலாமுக்கு, சென்னை குரோம்பேட்டையில் உள்ள மெட்ராஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் (எம்.ஐ.டி.) விமானப் பொறியியல் படிக்க இடம் கிடைத்தது. சேர்வதற்கு ஏறத்தாழ 1,000 ரூபாய் வேண்டும். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய தொகை என்பதற்கு ஒரே ஒரு கணக்கு: படித்து முடித்து 1958இல் அவர் அரசு வேலையில் சேர்ந்தபோது அடிப்படைச் சம்பளம் மாதம் 250 ரூபாய். தந்தையிடம் அந்த 1,000 இல்லை. அக்காள் ஜோஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் கழற்றிக் கொடுத்து அடகு வைக்கச் சொன்னார். என் சொந்தச் சம்பாத்தியத்தில்தான் அந்த வளையல்களை மீட்பேன் என்று கலாம் அன்று உறுதி எடுத்துக்கொண்டார்.

பேச்சுப் போட்டிகளில் இந்த நிகழ்ச்சியைக் கலாமின் உறுதியைக் காட்டுவதற்காகச் சொல்கிறார்கள். நான் இதை ஜோஹராவின் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். அவர் கண்ணெதிரே அப்போது ராக்கெட்டும் இல்லை, குடியரசுத் தலைவர் மாளிகையும் இல்லை. விமானம் என்றால் தீவின் மேலே எப்போதாவது ஓசையோடு போவது. தம்பி என்ன படிக்கப் போகிறான், அதனால் என்ன வேலை கிடைக்கும் என்பதுகூட வீட்டில் எல்லோருக்கும் தெளிவாகத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் கையிலிருந்து வளையல் கழன்றது. நம் பக்கத்துப் பெண்களுக்கு நகை அலங்காரம் மட்டும் அல்லவே. புயலடித்தால், கடலுக்குப் போனவர் திரும்பாவிட்டால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் அடுப்பெரியாவிட்டால் கை கொடுக்கும் ஒரே முதல் அதுதான். அந்தக் கடைசிப் பாதுகாப்பைத் தூக்கி ஒரு பிள்ளையின் படிப்பில் வைத்தவர் ஜோஹரா. ஒரு தேசத்துக்கு நம்பிக்கை ஊட்டியவரின் கணக்கில் முதல் வரவை எழுதியது அந்தப் பெண்மணியின் கை.

உறவுக்காரர்கள் கேட்பதற்கு நீங்கள் சண்டையாகப் பதில் சொல்ல வேண்டாம். நகையை வைப்பதாக இருந்தால் வட்டி தெரியாத அடகுக் கடைக்குப் போகாமல், கூட்டுறவு வங்கியிலோ பொதுத்துறை வங்கியிலோ வையுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், மீட்கும் நாளைச் சுவரில் எழுதி வையுங்கள். பாறையில் கை கால் கிழியக் கடற்பாசி எடுத்துச் சேர்த்த நகை அது என்பதை உங்கள் மகள் அறிவாள். மீட்கும் பொறுப்பு தன்னுடையது என்று அவளே சொல்லுவாள் என்று நம்புகிறேன்.

கேள்வி: முப்பத்தோரு ஆண்டுகள் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கலாமின் ஆசிரியர்கள் அவருக்குக் கற்பித்ததில் முதன்மையானது எது என்று கருதுகிறீர்கள்? (இராமநாதபுரம் வாசகர்)

ஐயா, பாடத்தைக் காட்டிலும் பந்தி என்று சொல்வேன்.

இராமேசுவரம் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் கலாம் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நண்பர் இராமநாத சாஸ்திரி. புதிதாக வந்த ஓர் ஆசிரியர், பூணூல் அணிந்த பிள்ளையின் அருகில் முஸ்லிம் பிள்ளை உட்காரக் கூடாது என்று கலாமை எழுப்பிப் பின்வரிசைக்கு அனுப்பினார். கலாமுக்குத் துக்கம், முன்னால் இருந்த நண்பனுக்குக் கண்ணீர். இராமநாத சாஸ்திரியின் தந்தை பட்சி இலட்சுமண சாஸ்திரி, இராமேசுவரம் கோயிலின் தலைமை அர்ச்சகர். அவர் அந்த ஆசிரியரை அழைத்து, கள்ளமற்ற பிள்ளைகள் மனத்தில் இந்த நஞ்சைப் பரப்பக் கூடாது என்று கண்டித்துச் சொன்னார். ஆசிரியர் வருந்தினார், மாறவும் செய்தார். கோயிலின் தலைமை அர்ச்சகர் ஒரு முஸ்லிம் சிறுவனுக்காகப் பேசியதால் அது நடந்தது. அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அந்தச் சிறுவன் பின்வரிசையிலேயே இருந்திருப்பான். அதற்குப் பிறகு முன்னால் வந்து உட்காரும் துணிவு அவனுக்கு எப்போது வந்திருக்கும் என்று யார் சொல்ல முடியும்?

அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் ஒருநாள் கலாமைச் சாப்பிட வீட்டுக்கு அழைத்தார். ஆசாரமான வீடு. மனைவி தம் சமையலறையில் பரிமாற மறுத்தார். ஐயர் மனைவியிடம் கோபப்படவில்லை. தம் கையாலேயே பிள்ளைக்குப் பரிமாறி, அருகில் அமர்ந்து தாமும் சாப்பிட்டார். அந்த அம்மையார் கதவின் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். புறப்படும்போது ஐயர், அடுத்த வாரமும் வா என்றார். கலாம் தயங்கினார். ஒரு முறைமையை மாற்றத் தீர்மானித்துவிட்டால் இப்படிப்பட்ட இடர்களை எதிர்கொண்டுதான் ஆக வேண்டும் என்ற பொருளில் ஐயர் பேசினார். மறுவாரம் போனபோது, அந்த அம்மையாரே சமையலறைக்குள் அழைத்துச் சென்று தம் கையால் சோறு போட்டார்.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் சேர்த்துப் பார்த்தால், மனிதர்கள் மாறுவார்கள் என்பதை அந்தப் பிள்ளை பத்துப் பன்னிரண்டு வயதிலேயே கண்ணால் கண்டுவிட்டான் என்று விளங்கும். பிற்காலத்தில் அவர் பேச்சில் யாரையும் பகைவராக வைத்துப் பேசாத ஒரு தன்மை இருந்தது. அதன் வேர் இங்கே இருக்கிறது என்பது என் கருத்து.

உங்கள் ஊர் ஸ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் மன்னிக்க மாட்டீர்கள். தீவை விட்டு அங்கே வந்து தங்கிப் படித்த நாட்களில் கலாமுக்கு வீட்டு நினைவு தாங்கவில்லை. அம்மா ஆஷியம்மாள் செய்யும் போளிக்கு ஏங்கினார். அந்த நேரத்தில் கிடைத்த ஆசிரியர் அய்யாத்துரை சாலமன். விருப்பம், நம்பிக்கை, எதிர்பார்ப்பு ஆகிய மூன்றையும் அறிந்து ஆள வேண்டும் என்று அவர் சொன்னதைக் கலாம் இறுதிவரை மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தார். முன்னோரின் பிழைப்பைக் கெடுத்த அதே பாலத்தைக் கடந்துதான் அந்தப் பிள்ளை இந்தப் பள்ளிக்கு வந்தான் என்பதை, ரயிலில் பாம்பனைக் கடக்கும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வேன். 2025 ஏப்ரலில் புதிய செங்குத்துத் தூக்குப் பாலம் திறந்தபோது பழைய பாலம் பக்கத்தில் வெறுமையாக நின்றது. துருப்பிடித்த அந்த இரும்பைப் பார்த்தபோது இந்த நினைவுதான் முதலில் வந்தது.

கேள்வி: குடியரசுத் தலைவருக்கு நம் அரசியலமைப்பில் பெரிய அதிகாரம் ஒன்றும் இல்லை. அப்படியிருக்க, ஐந்தாண்டுகள் அந்தப் பதவியில் இருந்த ஒருவர் நாட்டு மக்களின் மனநிலையை எப்படி மாற்ற முடிந்தது? அல்லது இது நாம் அன்பினால் சொல்லிக்கொள்வதா? (போட்டித் தேர்வுக்குப் படிக்கும் வாசகி, பரமக்குடி)

நல்ல கேள்வி. அன்பும் உண்டு, அதற்கு மேலும் உண்டு.

2002 ஜூலை 25 அன்று அவர் பதவியேற்றபோது நாடு எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். முந்தைய டிசம்பரில் நாடாளுமன்றத்தின் மீது தாக்குதல் நடந்திருந்தது. எல்லையில் இரு நாட்டுப் படைகளும் எதிரெதிரே நின்றன. குஜராத்தில் கலவரத்தின் புண் ஆறவில்லை. அந்த ஆண்டு பருவமழையும் பொய்த்தது. நிமிர்ந்து பேச எவருக்கும் மனமில்லாத நேரம். குடியரசுத் தலைவராக அவர் முதலில் மேற்கொண்ட பெரிய பயணமே குஜராத்துக்குத்தான். நிவாரண முகாம்களில் இருந்தவர்களின் குறைகளைக் கேட்டார். வாதம் எதிலும் இறங்கவில்லை. போய் நின்றார், கேட்டார். அதிகாரம் இல்லாத பதவி என்கிறீர்கள். ஆனால் எங்கே போய் நிற்பது, யாரைப் பக்கத்தில் உட்கார வைப்பது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அந்தப் பதவிக்கு உண்டு. கலாம் அதை முழுமையாகப் பயன்படுத்தினார்.

பதவிக்கு வந்தபின் திருவனந்தபுரம் ராஜ்பவனில் தங்கியபோது, சொந்த விருந்தினர்களாக அவர் இருவரை அழைத்தார். ஒருவர் சாலையோரம் செருப்புத் தைப்பவர். மற்றவர் சிறிய உணவுக் கடைக்காரர். திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் ராக்கெட் பணி செய்த காலத்தில் அவருக்குப் பழக்கமானவர்கள். உறவினர்கள் டில்லி மாளிகைக்கு வந்து தங்கியபோது ஆன செலவைத் தம் சொந்தப் பணத்திலிருந்து கட்டினார். ரமலான் மாதத்தில் மாளிகையில் இப்தார் விருந்து வைப்பதற்குப் பதிலாக அந்தப் பணத்தை அனாதை இல்லங்களுக்கு அனுப்பச் செய்தார். செய்தித்தாளில் ஒரு மூலையில் வந்த இந்தச் செய்திகளைத் தேநீர்க் கடையில் படித்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதை நான் கேட்டிருக்கிறேன். அரசாங்கத்தின் உச்சியில் இருப்பவர் நம் வீட்டு மனிதரைப் போலக் கணக்குப் பார்க்கிறார் என்ற எண்ணம், நாட்டைப் பற்றிய ஒருவகை நம்பிக்கையாக மாறியது.

பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பதவிக்கு வருவதற்கு முன்பே அவர் பள்ளி பள்ளியாகப் போகத் தொடங்கிவிட்டார். 2002 ஏப்ரலில் குஜராத்தின் ஆனந்த் நகரில் மாணவர்களிடம் நம் பகைவன் யார் என்று கேட்டார். பல விடைகள் வந்தன. ஒரு மாணவி, வறுமைதான் நம் பகைவன் என்றாள். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள், கலாம் தம் நூலொன்றை அந்தப் பெண்ணுக்கே காணிக்கையாக்கினார். ஏவுகணை மனிதர் என்று நாடு கொண்டாடிய ஒருவர், பகைவன் யார் என்ற கேள்விக்குப் பள்ளி மாணவியின் விடையை ஏற்று அதை அச்சிலும் ஏற்றினார் என்பதை இன்னும் போதுமான அளவு நாம் எண்ணிப் பார்க்கவில்லை. கூட்டத்தின் முடிவில் பிள்ளைகள் கேட்டால் பதில் சொல்வார். சொல்லித் தந்த வரியை எல்லோரையும் திருப்பிச் சொல்லவைப்பார். நகரத்துக்காரர்கள் சிலர் அதைச் சிறுபிள்ளைத்தனம் என்றார்கள். முதல் வரிசையிலிருந்து எழுப்பி அனுப்பப்பட்ட பிள்ளைக்குத்தான் தெரியும், பெரியவர் ஒருவர் தன்னிடம் கேள்வி கேட்டு விடைக்காகக் காத்திருப்பது எவ்வளவு பெரிய மரியாதை என்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அக்னி ஏவுகணைக்காக உருவாக்கிய எடை குறைந்த கலவைப் பொருளை ஐதராபாத்தில் ஒரு மருத்துவர் பார்த்துவிட்டு, கலாமைத் தம் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அங்கே போலியோவால் கால் சூம்பிய பிள்ளைகள் மூன்று கிலோவுக்கும் மேற்பட்ட இரும்புக் கவசத்தைக் காலில் இழுத்துக்கொண்டு நடந்தார்கள். கலாமின் குழுவினர் சில வாரங்களில் சுமார் 300 கிராம் எடையில் ஒரு கவசம் செய்து கொடுத்தார்கள். பிள்ளைகள் ஓடினார்கள், பெற்றோர் அழுதார்கள். தம் வாழ்வின் பேரானந்தம் எது என்று கேட்டவர்களுக்கு ராக்கெட்டை விட்டுவிட்டு இதையே அவர் சொல்லிவந்தார்.

கேள்வி: 2020இல் இந்தியா வளர்ந்த நாடாகிவிடும் என்றார். 2020 வந்தது, கொரோனாவும் வந்தது, போயிற்று. அவர் சொன்னது பொய்யாகிவிட்டதே? (மண்டபம் வாசகர்)

1996இல், ஏறத்தாழ 500 வல்லுநர்கள் துறைவாரியாக உட்கார்ந்து தயாரித்த அறிக்கைகளிலிருந்து எழுந்தது அந்த 2020 திட்டம். அந்தப் பணியை நடத்திய குழுமத்துக்குக் கலாம் தலைவராக இருந்தார். வேளாண்மை, கல்வி, உடல்நலம், மின்சாரம், உள்கட்டமைப்பு என்று கணக்கிட்டு வைத்த இலக்கு. இலக்கு எட்டப்படவில்லை. அதை மழுப்பக் கூடாது. அவரும் மழுப்புகிறவர் அல்லர்.

1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி.-3 ஏவப்பட்டது. திட்ட இயக்குநர் கலாம். இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாட்டுக் கோளாறு ஏற்பட்டு, ஐந்தரை நிமிடம்கூட ஆகாமல் ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. பல ஆண்டு உழைப்பு கடலில் போனது. அன்றைய இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான், கலாமைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, செய்தியாளர்களின் சரமாரியான கேள்விகளுக்குத் தாமே பதில் சொன்னார். தோல்விக்குத் தாமே பொறுப்பு என்றார். குழுவினர் மீது நம்பிக்கை இருப்பதாகச் சொன்னார். 1980 ஜூலை 18 அன்று அதே எஸ்.எல்.வி.-3, 35 கிலோ எடையுள்ள ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது. அன்று தவான், செய்தியாளர்களை நீங்களே சந்தியுங்கள் என்று கலாமை அனுப்பிவிட்டுப் பின்னால் இருந்துகொண்டார்.

ஜோஹரா வளையலை வைத்தார் என்றால், தவான் தம் பெயரை வைத்தார். தலைமை என்றால் என்னவென்று கேட்கும் இடமெல்லாம் கலாம் இந்தக் கதையைத்தான் சொன்னார். ஆண்டு கணக்கு தப்பிப்போகலாம். தப்பிய பிறகு ‘பொறுப்பு என்னுடையது’ என்று சொல்ல ஆள் இருக்கிறாரா என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும். நகரத்தின் வசதிகளைக் கிராமத்துக்குக் கொண்டுவரும் ‘புரா’ திட்டத்தை அவர் எவ்வளவு வலியுறுத்தினார்; அது பெரிதாக நடைமுறைக்கு வரவில்லை. அந்தக் கேள்வியை அவர் கல்லறையிடம் கேட்பதைவிட, ஓட்டுக் கேட்டு மண்டபத்துக்கு வருகிறவர்களிடம் நீங்கள் கேட்டால் பயன் உண்டு.

கேள்வி: எல்லோரும் புகழ்கிறீர்கள். குடியரசுத் தலைவராக அவர் தவறே செய்யவில்லையா? (கீழக்கரை வாசகர்)

செய்தார். 2005 மே மாதம் மாஸ்கோவில் இருந்தபோது, பீகார் சட்டமன்றத்தைக் கலைக்கும் பரிந்துரை நள்ளிரவில் வந்தது, கையெழுத்திட்டார். அந்தக் கலைப்பு அரசியலமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் பின்னர் தீர்ப்பளித்தது. மனம் நொந்து பதவி விலகல் கடிதம் எழுதியதாகவும், பிரதமர் வேண்டிக்கொண்டதால் அதைக் கைவிட்டதாகவும் அவரே எழுதியிருக்கிறார். கருணை மனுக்களில் மிகச் சிலவற்றில் மட்டுமே முடிவெடுத்தார் என்ற குறையும் நியாயமானது. தூக்குக் கொட்டடியில் காத்திருப்பவனுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு தண்டனை. இன்னொரு பக்கம், ஆதாயம் தரும் பதவி குறித்த மசோதாவை 2006இல் மறுபரிசீலனைக்குத் திருப்பியனுப்பும் துணிவும் அவருக்கு இருந்தது. அவரை நேசிக்கிறவர்கள் இவை அனைத்தையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

கேள்வி: என் பேரப்பிள்ளைகளை இராமேசுவரம் அழைத்து வருகிறேன். கலாம் தொடர்பாக எதையெல்லாம் காட்டலாம்? (தேவிபட்டினம் வாசகர்)

பள்ளிவாசல் தெரு வீட்டை முதலில் காட்டுங்கள்; அங்கே அவர் பயன்படுத்திய பொருட்களையும் பெற்ற விருதுகளையும் வைத்திருக்கிறார்கள். பிறகு பேக்கரும்பு நினைவிடம். 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மாணவர்களிடையே பேசிக்கொண்டிருக்கும்போதே சாய்ந்த அவரை, ஜூலை 30 அன்று அங்கேதான் அடக்கம் செய்தார்கள். அன்று நானும் அந்த வெயிலில் கூட்டத்தோடு நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவர் தோளில் சிறுமி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். செய்தித்தாளிலிருந்து கத்தரித்த கலாமின் படத்தை அட்டையில் ஒட்டி, கசங்கிவிடாமல் இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். கை வலிக்கிறதா என்று தாத்தா கேட்கக் கேட்க, இல்லை இல்லை என்று தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

நேரம் இருந்தால் தனுஷ்கோடி சாலையிலும் கொஞ்ச தூரம் போய் வாருங்கள். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு அந்தப் பக்கம் ரயில் ஓடவில்லை. தண்டவாளம் இருந்த இடமெல்லாம் மணல். வெயில் ஏறுவதற்கு முன் போனால் நல்லது. வண்டியை ஓரமாக நிறுத்தி, ஓடும் ரயிலிலிருந்து செய்தித்தாள் கட்டு விழுந்தது இந்தப் பக்கத்தில்தான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.